கட்டுநாயக்காவில் ஒன்பது மணி நேரம்

செமஸ்டர் ஒருவழியாக முடிந்தது. போன கட்டுரையைப் படித்துவிட்டு வகுப்பில் ஒருத்தன், "எப்பப் பாத்தாலும் திருவிதாங்கூர் ராஜா கதையே எழுதுற, கொஞ்சம் வெளியூரும் போய்ட்டு வா மக்கா" என்றான். அவனுக்காக இந்த முறை வெளிநாடு. ஆனால் கடைசியில் ராஜாவும் வந்துவிடுவார், முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் :)

அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். லீவுக்கு நானும் அம்மாவும் அங்கே போனோம். திருவனந்தபுரத்தில் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வேறு விமானம். நம்ம மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று கொழும்பு வழியாகப் போகிறவர்களும் நிறைய. அப்பாவும் பல வருஷமாக அப்படித்தான் போய் வருகிறார். ஒரு தடவைகூட ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததில்லை. "அங்க என்னத்த பாக்க? நாற்காலியில காலை நீட்டி உறங்குவேன், விளிச்சா அடுத்த விமானம்" என்பார்.

எங்களுக்குக் கிடைத்த இடைவேளை ஒன்பது மணி நேரம். காலை ஒன்பதரைக்கு இறங்கினோம், மாலை ஆறரைக்கு அடுத்த விமானம். நானும் உறங்கத்தான் இடம் தேடினேன். அம்மாதான், "மக்களே, இங்க சும்மா இருந்து என்ன செய்ய? விசா வாங்கிட்டு வந்திருக்கோம்லா, ஊரைப் பாத்துட்டு வருவோம்" என்றாள். அந்த ஐந்து மணி நேர ஊர்சுற்றலில் இருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை. ஊருக்கு வந்தபின் லைப்ரரியில் உட்கார்ந்து தேடியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

காற்றுக்காகக் காத்திருந்த தீவு

இலங்கையில் இறங்கி, அடுத்த வண்டிக்காகக் காத்திருப்பது விமானம் வந்தபிறகு உண்டான பழக்கம் இல்லை. பாய்மரக் கப்பல் காலத்தில் இந்தியப் பெருங்கடலின் டைம்டேபிளை எழுதியது பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கில் இருந்து அடிக்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கில் இருந்து அடிக்கும். அரபிக்கடலில் இருந்து வருகிறவன், வங்காள விரிகுடாவில் இருந்து வருகிறவன், சீனாவில் இருந்து வருகிறவன் எல்லோருக்கும் நடுவில் இந்தத் தீவு. காற்று திரும்பும்வரை எங்கேயாவது தங்கித்தானே ஆகவேண்டும்?

சீனத் துறவி ஃபாஹியான் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். கி.பி. 399-ல் புத்த நூல்களைத் தேடிக் கிளம்பியவர். வங்காளக் கரையில் தாம்ரலிப்தியில் கப்பலேறி, குளிர்காலக் காற்றில் பதினான்கு நாளில் இலங்கை வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் தங்கிச் சுவடிகளைத் தேடினார். அனுராதபுரத்து விகாரையில் ஒருநாள், யாரோ ஒரு வியாபாரி புத்தர் சிலைக்கு ஒரு வெள்ளைப் பட்டு விசிறியைக் காணிக்கையாக வைப்பதைப் பார்த்தார். அது சீன விசிறி. கூட வந்தவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் வழியிலேயே தங்கிவிட்டார்கள். பல வருஷமாக ஊர்ப்பொருள் ஒன்றையும் கண்ணால் காணாத மனுஷன். விசிறியைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய இந்தக் கண்ணீர் புரியாதவர்கள், வளைகுடாவில் இருந்து வருகிற தன் அப்பாவிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இடைவேளையை எப்படிப் பயன்படுத்துவது என்று பாடம் எடுக்கத் தகுதி உள்ள ஆள் இபின் பதூதா. 1344-ல் மாலத்தீவில் இருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டார். காற்று திசைமாற்றி இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டது. அப்போது அங்கே இருந்தவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. அவருக்குப் பாரசீகம் தெரிந்திருந்ததால் பேச்சுக்குச் சிக்கல் இல்லை. என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, பாவா ஆதம் மலை உச்சியில் இருக்கும் பாதத்தைப் பார்க்கவேண்டும் என்றார் பதூதா. அந்தப் பாதத்தைத்தான் புத்தர் பாதம் என்றும், சிவனொளிபாதம் என்றும், ஆதாம் பாதம் என்றும் மூன்று சமயத்தாரும் கும்பிடுகிறார்கள். அரசர் பல்லக்கும் ஆளும் கொடுத்தார். யோகிகள், பிராமணர்கள், சுமை தூக்குகிறவர்கள் என ஒரு கூட்டமே கூடப் போனது. மலை ஏறி, தெற்கே தெவிநுவர, காலி, கொழும்பு எல்லாம் சுற்றிப் புத்தளம் திரும்பினார். கப்பல் அவருக்காகக் காத்திருந்தது. (நம்ம விமானம் காத்திருக்காது, ஞாபகம் இருக்கட்டும்.)

பதூதா சொல்லும் இன்னொரு விஷயத்தை நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்கவேண்டும். புத்தளம் கரையில் இலவங்கப்பட்டை மரங்கள் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் குவியலாகக் கிடந்தனவாம். சோழமண்டலத்தில் இருந்தும் மலபாரில் இருந்தும் வருகிறவர்கள் அதை விலை கொடுக்காமலே ஏற்றிக்கொண்டு போவார்களாம். பதிலுக்கு அரசருக்குத் துணிமணி அன்பளிப்பாகக் கொடுத்தால் போதும். பின்னால் அந்தப் பட்டைக்காகவே எத்தனை கோட்டை கட்டினார்கள், எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அடுத்து சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ. அவர் காலியில் விட்டுச்சென்ற கல்வெட்டின் தேதி 1409. மூன்று மொழிகளில் மூன்று காணிக்கைகள்: சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு. இந்தப் பெருங்கடலில் வியாபாரம் செய்யத் தமிழ் வேண்டும் என்று சீனப் பேரரசுக்கே தெரிந்திருக்கிறது. அந்தக் கல் 1911-ல் கிடைத்தபோது காலியில் ஒரு சாக்கடைக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்களுக்கு அங்கே போக நேரம் பத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கிறவர்கள் தவறவிடாதீர்கள்.

நீராவிக் கப்பலும் விமானமும்

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலுக்குக் காற்று தேவையில்லை, நிலக்கரி தேவை. நிலக்கரி ஏற்றும்வரை பயணிகள் இலங்கையில் இறங்கி ஊர் சுற்றினார்கள். முதலில் காலி, பிறகு 1885-ல் அலைதாங்கி கட்டி முடித்ததும் கொழும்பு. கப்பல் பயணிகளை நம்பியே துறைமுகத்துக்கு எதிரில் 1875-ல் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் திறந்தார்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் சகாலின் தீவில் கைதிகளின் நிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் 1890 நவம்பரில் இங்கே சில நாட்கள் இருந்தார். நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது சொர்க்கமாகத் தெரிந்தது. போகும்போது கீரிப்பிள்ளை வாங்கிக்கொண்டு போனார்!

விவேகானந்தரை நமக்குக் கன்னியாகுமரிப் பாறையோடு சேர்த்துத்தான் தெரியும். 1892 டிசம்பரில் நம்ம முனையில் நின்றவர், சிகாகோ போய், மேற்கு நாடுகள் சுற்றி, 1897 ஜனவரி 15 அன்று திரும்பிக் கரையிறங்கிய இடம் கொழும்பு. அடுத்த நாளே அங்கே சொற்பொழிவு. பிறகு கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம் போய்ப் பாம்பனுக்குக் கடல் தாண்டினார்.

கட்டுநாயக்கா விமான நிலையம் போரில் பிறந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அதன்பின் 1944-ல் பிரிட்டிஷ் விமானப்படை இங்கே தளம் அமைத்தது. அப்போது அதற்கு நீர்கொழும்புத் தளம் என்றே பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு பயணிகள் விமான நிலையமானது. 2001 ஜூலை 24 அதிகாலையில் புலிகள் தாக்கி, போர் விமானங்களோடு பயணிகள் விமானங்களையும் அழித்த இடமும் இதுதான். அப்பா உறங்குகிற நாற்காலிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

1678 என்று எழுதிய வாசல்

விமான நிலையத்தில் இருந்து கொழும்பு முப்பது கிலோமீட்டருக்கு மேல். நீர்கொழும்போ பத்து கிலோமீட்டருக்குள். அதனால் ஆட்டோ பிடித்து நீர்கொழும்பு போனோம். ஓட்டுநர் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் பேசினார்.

நீர்கொழும்பின் முழுக்கதையும் இலவங்கப்பட்டைதான். இந்தப் பக்கத்துப் பட்டை உலகத்திலேயே உசத்தி என்று பெயர். போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினார்கள். 1640-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள், அதே வருஷம் இழந்தார்கள், 1644-ல் மறுபடி பிடித்தார்கள். 1796-ல் பிரிட்டிஷார் வந்தார்கள். அவர்கள் கோட்டையை இடித்து, அந்தக் கல்லிலேயே சிறைச்சாலை கட்டினார்கள். இன்றும் அது சிறைதான். மிஞ்சியிருப்பது ஒரு வாசல் வளைவும் கொஞ்சம் மதிலும். வளைவின் மேலே 1678 என்று இருக்கிறது. உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்க வந்த சனம் பொட்டலத்தோடு காத்திருந்தது. நாங்கள் வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது நம்ம ஊருக்கு வந்தவன் கட்டினதா?" என்று அம்மா கேட்டாள். அம்மா குளச்சல்காரி. சின்ன வயதில் வெற்றித்தூணைச் சுற்றி ஓடி விளையாடியவள். அவள் கேட்டது சரியான கேள்வி. குளச்சலுக்கு வந்த டச்சுப் படை புறப்பட்டது இந்தத் தீவில் இருந்துதான்.

சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே இலவங்கம் மாதிரி, திருவிதாங்கூர்க் கரையில் டச்சுக்காரருக்கு வேண்டியது குறுமிளகு. மார்த்தாண்ட வர்மா பக்கத்து ராஜ்யங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக, மிளகு கைவிட்டுப் போகுமே என்று அவர்களுக்குப் பயம். இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் 1739-ல் நேரிலேயே வந்து ராஜாவை மிரட்டினார். நாங்கள் படையெடுப்போம் என்று அவர் சொல்ல, ஐரோப்பாவுக்கே படையெடுக்கும் யோசனை எனக்கும் உண்டு என்று ராஜா பதில் சொன்னதாக ஒரு கதை நம்ம பக்கம் பிரபலம். பேச்சு முறிந்தது. கொழும்பில் இருந்து கப்பல்கள் வந்தன. தேங்காய்ப்பட்டணம், மிடாலம், கடியபட்டணம், குளச்சல் என்று கடற்கரை ஊர்கள் டச்சு வசமாயின. அடுத்து பத்மநாபபுரம் என்று திட்டம்.

1741 ஆகஸ்டில் குளச்சலில் அது முடிவுக்கு வந்தது. ராஜாவின் படையும் கரையோர மக்களும் வீரமாக நின்றது உண்மை. கூடவே, டச்சுக்காரர் தோற்றதில் காத்திருப்புக்கும் பங்குண்டு. குளச்சலில் முற்றுகைக்குள் மாட்டியவர்கள் கடல் வழியாக உதவி வரும் என்று பார்த்திருந்தார்கள். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று. ஆடி மாதக் கடல் நம்ம கரையில் எப்படி இருக்கும் என்று குளச்சல்காரர்களைக் கேட்டால் தெரியும். தலைமையிடமான பட்டாவியாவில் இருந்தும் ஆள் அனுப்ப முடியவில்லை, ஜாவாவில் அவர்களுக்கு அப்போது வேறு போர். காத்திருந்த கப்பல் வரவில்லை, சரணடைந்தார்கள்.

பிடிபட்டவர்களில் ஒருவர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். அவருக்கு நம்ம ஊர் ஒரு இடைத்தங்கல் என்றுதான் அவர் நினைத்திருப்பார். தங்கியதோ 36 வருஷம்! ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்து, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். உதயகிரியில் பீரங்கி வார்த்தார். கோட்டைகளைப் புதுப்பித்தார், நாம் பிக்னிக் போகிற வட்டக்கோட்டை உட்பட. வலிய கப்பித்தான் என்று பட்டம். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனதற்குத் தொடக்கம் இவரோடு பழகியதுதான். 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக்கொல்லப்பட்ட அவரை 2022 மே 15 அன்று வத்திக்கான் புனிதராக அறிவித்தது. டிலனாய் 1777 ஜூன் 1 அன்று இறந்தார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீனும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில்.

1678 வாசலுக்கு முன்னால் நின்றபோது எனக்கு இதுதான் ஓடியது. குளச்சலில் ஜெயித்த கதையை ஒரு முனையில் இருந்து மட்டுமே படித்திருக்கிறோம். அதன் மறுமுனை ஒரு மணி நேர விமானத் தூரத்தில் இருக்கிறது, நம்மில் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

நெத்தோலியும் நெத்தலியும்

அங்கிருந்து கடற்கரை நடக்கிற தூரம். மீன் சந்தையைத் தாண்டியதும் மணலில் நீளநீளமாகப் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். வாடை அடித்ததும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. குனிந்து பார்த்து, "இது நெத்தோலியாக்கும்" என்று என்னிடம் சொன்னாள். புரட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "நெத்தலி" என்று திருத்தினாள். தமிழில்!

அப்புறம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. எந்த ஊர், என்ன மீன், என்ன விலை, எத்தனை பிள்ளைகள் என்று இருவரும் மணலில் குந்திவிட்டார்கள். அந்த அக்கா சிங்களக் கத்தோலிக்கர். ஆனால் அவர் வீட்டில் பெரியவர்கள் பேசுவது தமிழ். மாமியாரோடு தமிழ், பிள்ளைகளோடு சிங்களம். நீர்கொழும்பு மீனவர்களிடம் இப்படி ஒரு தமிழ் உண்டு என்பதும், மொழியியல் ஆய்வாளர்கள் அதைத் தனி வழக்காகவே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதும் திரும்பி வந்தபின்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் சிங்களத்துக்கு மாறியபின் தலைமுறைக்குத் தலைமுறை அது குறைந்துகொண்டே வருகிறது. தமிழ் பேசினால் தமிழர், சிங்களம் பேசினால் சிங்களர் என்று நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கு அந்தக் கருவாட்டுப் பாயில் செல்லவில்லை.

அம்மா 2004 சுனாமியில் குளச்சல் பட்ட பாட்டைச் சொன்னாள். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைச் சொன்னாள். அந்தப் புயல் இலங்கையிலும் உயிர்களை எடுத்துவிட்டுத்தான் நம்ம பக்கம் வந்தது. அந்த அக்கா 2019-ஐச் சொன்னார். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் பூசை நேரத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். "எங்கட தெருவில மூணு வீடு" என்று மட்டும் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. எனக்கு அங்கே எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது அந்த அக்கா ஒரு பொட்டலம் நெத்தலி கட்டிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. திரும்பும் வழியில் ஆட்டோவில் அம்மா, சின்ன வயதில் இலங்கை வானொலிதான் கேட்பார்கள் என்றும், பிறகு ரூபவாஹினி தெரிவதற்காக மாமா மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைப்பார் என்றும் சொல்லிக்கொண்டே வந்தாள். கன்னியாகுமரியில் இருந்து நேர்கோட்டில் கொழும்பு சுமார் 280 கிலோமீட்டர். சென்னை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தூரம்.

போகிறவர்களுக்கு

நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் வெளியே போகாதீர்கள். ஆறு முதல் பத்து என்றால் நீர்கொழும்பு, அதற்கு மேல் என்றால் கொழும்பு. விசா விதி அடிக்கடி மாறும், ஊரிலேயே விசாரித்து எடுத்துக்கொண்டு போங்கள். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்னால் திரும்பிவிடுங்கள். பெரிய பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகிறதா என்று திருவனந்தபுரத்திலேயே கேட்டுவிடுங்கள். கோட்டை வாசலைப் படம் எடுக்கும்போது அது சிறைச்சாலை என்பது ஞாபகம் இருக்கட்டும்.

விமானம் ஏற முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். நாகர்கோவிலில் தக்கலை பஸ் ஏறி புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் உதயகிரிக் கோட்டை. நம்ம வகுப்பில் எத்தனை பேர் அந்தக் கல்லறையைப் பார்த்திருக்கிறோம்? தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறவர்களே பார்த்ததில்லை. நானும் மஸ்கட்டில் இருந்து வந்தபிறகுதான் போனேன்.

மஸ்கட்டில் அம்மா அந்த நெத்தலியை வறுத்து வைத்தாள். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "குளச்சல்ல இருந்து கொண்டாந்ததா?" என்று கேட்டார். இல்லை என்று அம்மா முழுக்கதையும் சொன்னாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அடுத்த தடவை நானும் வெளியே எறங்கிப் பாக்கேன்" என்றார்.